ஏழாம் நம்பர் மலையும் இருபத்துநான்கு பேரும்

தெல்தோட்டை டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிளேன்டீ ஒன்று குடிக்கலாம் என்று கடைக்குள் நுழைந்தேன். முதுகில் ஆளுயரப் பையும் காலில் முழங்கால்வரை சேறுமாக இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். போனை நீட்டிக் காட்டினார்கள். வாசலில் நின்ற ஓட்டோக்காரருக்குப் போனைப் பார்க்கவே தேவைப்படவில்லை. "டெய்லர் சீட்? லூல்கந்துர? கம், கம்" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "முந்தி எல்லாம் இந்தப் பக்கம் வெள்ளக்காரன் வந்தா துரைன்னுதான் அர்த்தம். இப்ப நடந்தே வாரானுங்க."

அன்று நானும் அந்தப் பாதையில்தான் மேலே, லூல்கந்துரத் தோட்டத்துக்குப் போனேன். ஜேம்ஸ் டெய்லர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கை, அவர் குடியிருந்த இடத்தின் மிச்சங்கள், அதற்குக் கீழே ஏழாம் நம்பர் மலை. தோட்டத்தில் 'மலை' என்றால் கொழுந்து எடுக்கும் நிலப்பிரிவு. இலங்கையில் வியாபாரத்துக்காகத் தேயிலை முதன்முதலில் நடப்பட்ட பத்தொன்பது ஏக்கர் இதுதான். ஆண்டு 1867. சிலோன் டீ என்று உலகம் சொல்லும் பெயரின் ஆணிவேர் இந்தச் சரிவில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்கள்.

சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து முதுகில் தொங்கும் நைலோன் சாக்கு. "போட்டோ புடிக்க வாரவங்க கூடையோட நிக்கச் சொல்றாங்க தம்பி. நாங்க கூடைய விட்டு எத்தன வருஷமாச்சு! ஒருக்கா ஒருத்தரு எங்கிருந்தோ கூடையும் கொண்டுகிட்டு வந்துட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கை மட்டும் நிற்கவில்லை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கூடையைப் பற்றியது. மரபுரிமைச் சுற்றுலா என்ற பெயரில் நாம் எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம், காட்டுவதில் வரும் காசு யார் மடியில் விழுகிறது என்பதைப் பற்றியது.

*

டெய்லரின் கதை சுவாரசியமான கதைதான், மறுப்பதற்கில்லை. 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, பதினேழு வயது நிரம்புவதற்கு முன்பே, 1852இல், கோப்பித் தோட்டத்தில் வேலை பார்க்க இங்கே வந்து சேர்ந்தார். அப்போது கண்டி மலைகள் எல்லாம் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அதற்கு முன்பே டெய்லர் சிங்கோனாவும் தேயிலையும் வைத்துப் பார்த்திருந்தார். ஆரம்பத்தில் பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை. இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பில் வறுத்தார்கள். 1872இல் உருட்டும் இயந்திரத்தோடு ஒழுங்கான தேயிலைச் சாலை ஒன்றைக் கட்டினார். மறுவருடம் லண்டனுக்குப் போன முதல் பொதியின் நிறை வெறும் 23 இறாத்தல்.

அவருடைய முடிவு அவ்வளவு இனிப்பானதல்ல. பிற்காலத்தில் தோட்டத்தை வைத்திருந்த கம்பனி அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னது. நாற்பது ஆண்டு வாழ்ந்த இடத்தைவிட்டு நகர மறுத்தவர், 1892 மே 2ஆம் திகதி வயிற்றுளைவு கண்டு அங்கேயே இறந்துபோனார். உடலைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆள் மிகவும் பாரமானவர். இருபத்துநான்கு தொழிலாளர்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக முறைவைத்து, மலையிறங்கித் தோள்மாற்றித் தூக்கிப் போனார்கள் என்று பதிவு இருக்கிறது. பின்னால் நடந்த தொழிலாளர்கள் 'சாமி துரை' என்று சொல்லி அழுதார்களாம். மஹய்யாவ மயானத்தில் இன்றும் கல்லறை இருக்கிறது. இந்தத் தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அதில் பொறித்திருக்கிறது.

அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைத்துவிட்டது. கல்லறை, கல் இருக்கை, ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு மூலை, அவருடைய கடிதங்களை வைத்து அஞ்சலா மெக்கார்த்தியும் டொம் டிவைனும் 2017இல் எழுதிய கனமான ஒரு புத்தகம். தூக்கிப்போன இருபத்துநான்கு பேருக்கும் கல் இல்லை, இருக்கை இல்லை. பெயரும் இல்லை. அவர்கள் எந்த மலையில் வேலை செய்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், திருச்சியா, சேலமா, புதுக்கோட்டையா, ஒன்றும் நமக்கு மிஞ்சவில்லை. அவர்களுக்கு ஒரு எண்ணிக்கை கிடைத்ததே பெரிய விஷயம். ஏழாம் நம்பர் மலையின் காட்டை வெட்டிக் குழிபோட்டுக் கன்று வைத்தவர்களுக்கு அதுகூட இல்லை.

*

2017 ஒரு விசேஷமான வருடம். சிலோன் தேயிலைக்கு நூற்றைம்பது ஆண்டு நிறைந்தது. அதே வருடத்தைத்தான் ஐக்கிய நாடுகள் சபை, அபிவிருத்திக்கான நிலைபேறான சுற்றுலாவின் சர்வதேச ஆண்டாகவும் பிரகடனப்படுத்தியிருந்தது. இரண்டு கொண்டாட்டமும் சேர்ந்து வந்தபோது, தேயிலைக்கு எத்தனை வயது என்று எல்லோரும் சொன்னார்கள். தேயிலையை வளர்த்தவர்களின் லயக் குடியிருப்புக்கு எத்தனை வயது என்று யாரும் மேடையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு வந்தது பெக்கோ பாதை. மிகுவெல் கூனாட் என்ற ஸ்பெயின்காரரின் யோசனை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எய்ட்டும் பணம் போட்டன. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரைக்கும் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல், இருபத்திரண்டு கட்டங்களாகப் போகிறது. முதல் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா, இரண்டாவது கலஹாவிலிருந்து லூல்கந்துர, மூன்றாவது அங்கிருந்து தவலந்தென்னை. கடைக்கு வந்த அந்தப் பிள்ளைகளின் காலில் ஒட்டியிருந்தது இந்த இரண்டாம் கட்டத்துச் சேறுதான்.

நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். புதிதாகக் கார்ப்பெட் றோட்டும் கேபிள் காரும் போடாமல், இருக்கிற பாதையில் நடக்கச் சொல்கிற சுற்றுலா மலைக்குப் பாரம் குறைந்த சுற்றுலா. நடந்து போகிறவன் தண்ணீர் கேட்பான், ரொட்டி வாங்குவான், மழைக்கு ஒதுங்குவான். வேனில் பறந்துபோய் நட்சத்திர ஹோட்டலில் இறங்குகிறவனைவிட அவனால் ஊருக்கு நன்மை அதிகம்.

ஆனால் அந்த 'இருக்கிற பாதை' எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோப்பி மூட்டை சுமந்த பாதை, கொழுந்து சுமந்த பாதை, பிரட்டுக்களத்துக்கு விடியற்காலை ஓடிய குறுக்குப் பாதை, பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்பளித் தொட்டிலில் தூக்கிப்போன பாதை. காலால் மிதித்து மிதித்துப் போட்டவர்கள் எம் ஆட்கள். பெக்கோ என்பதும் தேயிலைத் தரத்தின் பெயர்தான். லயத்துச் சட்டியில் கொதிப்பது அந்தத் தரம் அல்ல, தூள். இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைக்கிறேன்.

2023இல் நம்மவர்களும் ஒரு நடை நடந்தார்கள். மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்த 'மாண்புமிகு மலையகம்' நடைபயணம். முதல் தலைமுறை காட்டு வழியே காய்ச்சலிலும் பேதியிலும் செத்துச் செத்து நடந்த அதே வழி. அந்தப் பாதைக்கு இன்றுவரை திசைகாட்டிப் பலகை இல்லை, கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம் இல்லை, நன்கொடையாளர் இல்லை. ஒரு பாதை உலக வரைபடத்தில் ஏறுகிறது, மற்றது நினைவில் மட்டும் கிடக்கிறது. இரண்டையும் போட்டவர்கள் ஒரே சனங்கள்.

*

சட்டத்திலேயே ஒரு வேலி இருக்கிறது. நம் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அதன்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதுதான் இயல்பாகவே தொல்பொருள். அது கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்ட நாள். மலையகத் தமிழரின் வரலாறோ 1823இல், கம்பளை சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் போட்ட கோப்பித் தோட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. எட்டு ஆண்டு பிந்திவிட்டோம்! எங்களுடைய வரலாறு முழுக்க முழுக்க அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. பிந்திய கட்டடங்களையும் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம், வழி இருக்கிறது. ஆனால் யாராவது கேட்க வேண்டும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும். கண்டி நகரம் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. நக்கிள்ஸ் உட்பட மத்திய மலைநாடு 2010இல் ஏறியது. இந்த இரண்டு பெருமைக்கும் நடுவில் இருக்கிற தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்கள் இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கின்றன.

மொரிஷியஸைப் பாருங்கள். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகள் இறங்கி ஏறிய ஒரு சின்னக் கல் படிக்கட்டு. ஆப்ரவாசி காட் என்று பெயர். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். 2006இல் அந்தப் படிக்கட்டு உலக மரபுரிமைச் சின்னமானது. கரும்புத் தோட்டத் துரையின் மாளிகையை அவர்கள் பட்டியலுக்கு அனுப்பவில்லை, கூலிக்காரன் கால் வைத்த படியை அனுப்பினார்கள். இன்று தங்கள் கொள்ளுப்பாட்டன் பெயரைத் தேடி அங்கே போகிறவர்களும் சுற்றுலாப் பயணிகள்தான்.

நமக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள். கையில் ஒரு பழைய தோட்டப் பெயர், ஒரு டிவிசன் பெயர், அம்மா சொன்ன ஒரு கோயில் மரம். அதை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். இவர்களுக்கு வழிகாட்ட இங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பேரேடு இருக்கிறதா? டெய்லர் இருக்கைக்கு வழி சொல்ல ஓட்டோக்காரர் இருக்கிறார். பாட்டி பிறந்த லயத்துக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

இல்லவே இல்லை என்று சொன்னால் அநியாயம். கம்பளைக்குப் பக்கத்தில், பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் ஒரு தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. ஒரு லயத்தையே புதுப்பித்து அதற்குள் வைத்திருக்கிறார்கள். பித்தளைக் குடம், அம்மி, விளக்கு, தப்பு, பழைய ஆவணங்கள். ஹந்தானை அருங்காட்சியகம் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நான்கு மாடியாக நிமிர்ந்து நிற்கிறது. அங்கே இயந்திரங்கள் பளபளக்கின்றன. கம்பளையில் அம்மி இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் தேயிலையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஹந்தானைக்குப் போகும் பயணிகளில் எத்தனை பேரைச் சுற்றுலா வழிகாட்டிகள் கம்பளைக்கும் கூட்டிப்போகிறார்கள்?

*

இந்த இடத்தில் ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். மரபுரிமை, மரபுரிமை என்று சொல்லி லயத்தையே பாதுகாக்கக் கிளம்பிவிடக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, நூறு ஆண்டைத் தாண்டிய தகரம், ஒரு பீலியில் பல குடும்பம். இதைச் 'சூழலோடு இயைந்த எளிய வாழ்வு' என்று விற்க நாக்குக் கூசாத ஆட்கள் இருக்கிறார்கள். வறுமையைக் காட்டிக் காசு பார்ப்பதுதான் அது. என் தீர்ப்பு இதுதான்: ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் இடியுங்கள். வைத்திருக்கும் ஒன்றுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது.

இடித்தால் எங்கே போவது என்று கேட்பார்கள். அங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஏழு பேர்ச் காணி என்றார்கள், பத்துப் பேர்ச் காணி என்றார்கள், இந்திய வீடு என்றார்கள். கொஞ்சம் நடந்தது, நிறைய நடக்கவில்லை. இன்றும் பெரும்பாலான குடும்பங்கள் குடியிருக்கும் அறைக்குக் காணி உறுதி இல்லை. பெக்கோ பாதையால் ஊர்ச் சனங்களுக்கு வருமானம் வரும், வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்று சொல்கிறார்கள். நல்லது. வீடு யாருடையது? அறைக்கு ஒரு கதவு கூட்டிக் கட்டுவதற்கே தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய சனம், எந்த உறுதியைக் காட்டிப் பதிவுக்குப் போகும், எந்த வங்கியில் கடன் கேட்கும்? பாதையோரத்தில் நிலம் உள்ளவர் விடுதி போடுவார், வாகனம் உள்ளவர் ஆளை ஏற்றுவார். பாதையைப் போட்டவர் நைலோன் சாக்கோடு போட்டோவில் நிற்பார்.

கொழுந்து எடுப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கும் எத்தனை ஆர்ப்பாட்டம், எத்தனை நீதிமன்றப் படி! மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனங்களின் கீழ் உள்ள தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். ஊழியர் சேமலாப நிதி நிலுவையில் கிடப்பது பாராளுமன்றத்திலேயே பலமுறை பேசப்பட்ட விஷயம். உள்ளூராட்சியும் நெடுங்காலம் கைவிட்டது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிப்பதற்குச் சட்டமே குறுக்கே நின்றது. குப்பை வண்டி லயத்துப் பக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது பயணிகள் வருகிறார்கள். பிஸ்கட் உறையும் தண்ணீர்ப் போத்தலும் பாதையோரக் கான்களில் சேர்கின்றன. கூட்டி அள்ளுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

*

காசு பற்றிப் பேசினால் எண்ணிக்கை பற்றியும் பேச வேண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேல். பிறகு ஈஸ்டர் குண்டு, கொரோனா, எரிபொருள் வரிசை எல்லாம் வந்து தொழிலைச் சாய்த்தன. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. எண்ணிக்கை ஏறுவதை மட்டுமே வெற்றி என்று அறிவிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. எல்லவைப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த வெற்றி எப்படி இருக்கும் என்று தெரியும். ஒன்பது வளைவுப் பாலத்தில் செல்ஃபிக்காகச் சனம் முட்டி மோதுகிறது. சரிவெல்லாம் அடுக்கடுக்காகக் கொங்கிறீட். இருபது ஆண்டுக்கு முன்பு எல்ல ஒரு சின்னக் கடைத்தெரு. தெல்தோட்டை இன்று அந்த இடத்தில் நிற்கிறது என்பது என் பயம்.

இந்த மலைகளின் மண் லேசான மண் அல்ல. காட்டை உச்சிவரை வெட்டி வழித்துக் கோப்பி போட்ட காலத்திலேயே ஆறுகள் கலங்கின. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்த பிறகுதான், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை விற்பதில்லை என்று வெள்ளைக்கார அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கொள்ளையடிக்க வந்தவனுக்கே நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அது புரிந்தது. இங்கே பெய்யும் மழை மகாவலிக்குப் போகிறது, மகாவலி விக்டோரியாவை நிரப்புகிறது. சரிவில் ஒரு பாத்தி மண் கரைந்தால் அது போய்ச் சேருமிடம் அந்த நீர்த்தேக்கத்தின் அடி. முன்பு தோட்டத்தில் கான் வெட்டுவது, கல்வரிசை கட்டுவது, கவ்வாத்து வெட்டிய மிளாறைச் சரிவில் பரப்புவது எல்லாம் வருடாந்த வேலை. ஆள் குறைந்து, நிர்வாகம் தளர்ந்து, தேயிலை காடாகிப் போன மலைகளில் கானும் தூர்ந்து கிடக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து இதை நமக்கு மறக்க முடியாதபடி சொல்லிவிட்டுப் போனது. நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டமாகப் பார்த்தால் அதிகம் இழந்தது கண்டி. மண்ணுக்குள் போன வீடுகளில் லயங்களும் உண்டு, கிராமங்களும் உண்டு. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று மலை பிரித்துப் பார்க்கவில்லை. இனி ஒரு சரிவில் விடுதி கட்ட அனுமதி கொடுப்பவர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தை முதலில் விரித்துப் பார்க்க வேண்டும். அதே வரைபடத்தைச் சரிவில் உள்ள லயத்துக்கும் விரிக்க வேண்டும். ஹோட்டலுக்குப் பாதுகாப்பான இடம் தேடிக் கொடுத்துவிட்டு, லயத்தை ஆபத்து வலயத்திலேயே விட்டுவைப்பதை நிலைபேறு என்று எந்த மொழியில் சொல்வது?

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டங்களுக்கு மேலே எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளில் சிறுத்தை இருக்கிறது. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பித் தடத்தில் சிக்கி இறந்ததும் நாடே அழுதது. ஹந்தானை மலைத்தொடரை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் அங்கே கட்டடம் ஏறுவது நிற்கவில்லை. காட்டைக் காப்பது என்றால் காவல்காரனைப் போட்டால் போதும் என்ற நினைப்பு வேலைக்கு ஆகாது. விடியற்காலையில் மலைக்கு ஏறுகிறவருக்குத்தான் தடம் எங்கே கட்டியிருக்கிறது, பீலி எந்த மாதம் வற்றியது என்று முதலில் தெரியும். அவருக்கு அந்த நிலத்தில் ஒரு பங்கு இருந்தால், கேட்காமலே சொல்வார்.

*

தெல்தோட்டை என்றால் தேயிலை மட்டும் இல்லை. டெய்லர் இங்கே கன்று நட்டதற்கு முந்திய வருடம், 1866இல், இதே பகுதியில் போப்பிட்டியவில் ஒரு பிள்ளை பிறந்தது. அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். தமிழ் இலக்கியத்தில் மலைநாட்டுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர். 1918இல் மறைந்தார். ஒரே மலைச்சரிவில், ஒரு வருட இடைவெளியில், ஒரு தேயிலைத் தோட்டமும் ஒரு தமிழ்ப் புலவரும்! வேறு நாடாக இருந்தால் இந்தப் பொருத்தத்தை வைத்தே ஒரு நாள் சுற்றுலா போட்டிருப்பார்கள். காலையில் ஏழாம் நம்பர் மலை, மத்தியானம் போப்பிட்டியவில் சாப்பாடு, அந்தியில் ஒரு பழைய சிங்களக் கிராமத்து விகாரை. மாசி மாதம் வந்தால் இரவுக்குத் தோட்டத்துக் காமன் கூத்து.

கூத்தைப் பற்றிச் சொல்லும்போதே பயமாகவும் இருக்கிறது. காமன் பொட்டல் என்பது மேடை அல்ல. கம்பம் ஊன்றி, விரதம் இருந்து, ரதியும் மதனுமாக வேஷம் கட்டி, மதன் எரிந்ததும் ஒப்பாரி வைத்து அழுகிற இடம். இதை ஹோட்டல் புல்வெளியில் இருபது நிமிட நிகழ்ச்சியாக வெட்டிக் கொடுத்தால் கொஞ்சம் காசு வரும், கூத்து போய்விடும். கண்டியில் பெரஹெரா முடிந்த பிறகும் வருடம் முழுக்க மண்டபங்களில் மாலைக்கு மாலை நடனம் காட்டுகிறார்கள். அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரஹெராவுக்குப் பின்னால் தலதா மாளிகை இருக்கிறது, விகாரைக் காணி இருக்கிறது, நூற்றாண்டுகளாக வந்த உரிமை இருக்கிறது. காமன் கூத்துக்குப் பின்னால் ஒரு மைதானத் துண்டுகூட இல்லை. அந்த மைதானமும் தோட்டத்துடையது.

ஆகவே, சுற்றுலா அமைச்சிடமும் பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பானவர்களிடமும் கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்போம். லூல்கந்துரவைச் சுற்றுலாத் தலமாக வளர்ப்பதாக இருந்தால், அதன் முதல் செலவு அந்தத் தோட்டத்துக் குடும்பங்களின் காணி உறுதியாக இருக்கட்டும். வேலியும் வரவேற்பு வளைவும் பிறகு வரலாம். பெக்கோ பாதையில் வழிகாட்டியாக நிற்க அந்தந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சியும் உரிமமும் கொடுங்கள். தெல்தோட்டையில் உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும், மலையும் தெரியும். ஆங்கிலம் ஆறு மாதத்தில் வரும்.

இன்னொன்று நம் கையில் இருக்கிறது. அதற்கு அமைச்சு வேண்டாம். தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டப் பக்கத்து வாசகர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் தாத்தாவின் பழைய துண்டுச் சீட்டு இருக்கலாம். பேர் பதிந்த அட்டை, பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகல், பெரிய கங்காணியோடு நிற்கிற ஒரு மங்கலான போட்டோ எதுவும் இருக்கலாம். தோட்டக் காரியாலயத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழைய செக்ரோல் புத்தகங்கள் எந்த மூலையில் கிடக்கின்றன என்று தெரியும். கரையான் தின்பதற்கு முன் எடுத்து வையுங்கள், எரித்துவிடாதீர்கள். ஒரு பிரதியைக் கம்பளை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், அவருடைய அப்பா பெயரையும் அம்மா பெயரையும் வந்த ஊரையும் வேலை செய்த மலையின் நம்பரையும் இந்த வாரமே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.